இருபத்துமூன்றாம் வாரம்

சிதம்பரம்
14-6-2010

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சார்லஸ் எழுதுவது. நானும் மாலதியும் சிந்துஜாவும் சுகமாக இருக்கிறோம். உன் காது எப்படி இருக்கிறது, மாமாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று விவரமாக எழுது. போன வாரம் போனில் நான் பேசியதில் பாதி உனக்கு எட்டவில்லை. மீதியை மாமா உன்னிடம் கத்திச் சொன்னது தெருவுக்கே கேட்டிருக்கும். முப்பது வருடம் கண்டக்டராக இருந்தவர் வேறு எப்படிச் சொல்வார்? அதனால்தான் இந்த விஷயத்தைக் கடிதத்தில் எழுதுகிறேன்.

நல்ல செய்தி அக்கா. சென்னையில் ஒரு பதிப்பகத்தார், மறந்துபோன பழைய தொடர்கதைகளைத் தேடிப் பிடித்துப் புத்தகமாகப் போடுகிறார்கள். ஒரு கூட்டத்தில் நான் கெடிலநேசனின் 'பாய்மரக்காரி' பற்றிப் பேசியதைக் கேட்டுவிட்டு, "பிரதி மட்டும் குடுங்க சார், போட்டுடலாம். முன்னுரை நீங்கதான்" என்றார்கள். அந்த வார இதழ் நின்றுபோய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. எனக்குத் தெரிந்து அந்தக் கதை முழுதாக இருப்பது ஒரே இடத்தில்தான். அப்பா பைண்டு பண்ணி வைத்தாரே, அந்தப் புத்தகத்தில். அது உன்னிடம்தானே இருக்கிறது?

எழுபத்திரண்டாம் வருடம் எனக்குக் காமாலை வந்து மூன்று மாதம் கட்டிலோடு கிடந்தது நினைவிருக்கும். கோர்ட்டில் டவாலி வேலை பார்த்த அப்பா, வக்கீல் ஐயா வீட்டில் படித்து முடித்த இதழை, கதை தொடங்கியதிலிருந்தே வெள்ளிக்கிழமைதோறும் கேட்டு வாங்கி வருவார். நீ கட்டிலருகே உட்கார்ந்து எனக்கு வாசித்துக் காட்டுவாய். தகப்பன் இறந்தபின் கடலூர்த் துறைமுகத்திலிருந்து சரக்குத் தோணியைத் தானே ஓட்டிப் போகும் தையல்நாயகி, அவளோடு கிளம்பும் தம்பி வேலன்! இருபத்துமூன்றாம் வாரம் இதழ் கிழிந்துபோய், நீ லைப்ரரிக்குப் போய்ப் பார்த்து நாலு தாளில் எழுதிக்கொண்டு வந்தாய். அப்பா அந்தத் தாள்களையும் சேர்த்தே பைண்டு பண்ணினார். இருபத்துநாலாம் வாரத்தில் ஒரு மைக்கறை இருக்கும். அது நான் கொட்டியது என்பாய். எனக்கு ஞாபகமே இல்லை.

கெடிலநேசன் மேல் எனக்கு ஒரே ஒரு வருத்தம் உண்டு. அப்போது அவருக்கு ஒரு கார்டு எழுதி, போடச் சொல்லி உன்னிடம் கொடுத்தேன். மனுஷர் பதிலே போடவில்லை.

புத்தகத்தை யாரிடமாவது கொடுத்து அனுப்பு. மாமாவுக்கு என் வணக்கம்.

அன்புத் தம்பி,
சார்லஸ்


மஞ்சக்குப்பம்
2-7-2010

அன்புத் தம்பிக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே இருவரும் நலம். நலம் என்றால் மருந்து மாத்திரையோடு நலம். ஜெகன் போன மாதம் லீவில் வந்தபோது எனக்குக் காது மெஷின் வாங்கி மாட்டிவிட்டுப் போனான். பெற்ற பிள்ளையைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் அதை மாட்டினால் மனுஷர் பேச்சைத் தவிர மற்றதெல்லாம் கேட்கிறது. காக்கா, மிக்சி, எதிர்வீட்டுக் குக்கர் எல்லாம் காதுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்கின்றன. கழற்றி டப்பாவில் வைத்துவிட்டேன். நீ கடிதமே எழுது.

மாலதி தைக்கக் கேட்ட இரண்டு ரவிக்கையும் முடிந்துவிட்டன. கை கொஞ்சம் தளர்த்தி வைத்திருக்கிறேன். சிந்துஜாவுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததா? அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே. உனக்குப் புத்தகம் என்றால் பிள்ளை குட்டி எல்லாம் மறந்துபோகும்.

உன் மாமா மூன்று நாளாக மாங்காய் வெட்டுகிறேன் என்று வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருக்கிறார். ஊறுகாய் போட்டதும் ஒரு ஜாடி அனுப்புகிறேன்.

நீ கேட்ட புத்தகம் பரணில் எங்கேயாவது இருக்கும். சாமான் ஜாஸ்தி. மெதுவாகத் தேடிப் பார்க்கிறேன்.

அக்கா,
ராணி


சிதம்பரம்
15-7-2010

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதமும் ரவிக்கைகளும் வந்தன. மாலதிக்கு அளவு கச்சிதம். சிந்துஜாவுக்கு இங்கேயே இடம் கிடைத்துவிட்டது. வீட்டிலிருந்தே போய் வருகிறாள். திட்டாதே, எழுத மறந்துவிட்டேன்.

பரணில் ஏற யாராவது ஆள் பார். மாமாவை ஏற்றாதே. பதிப்பகத்தார் இரண்டு முறை போன் செய்துவிட்டார்கள்.

இன்று எம்.ஏ. வகுப்பில் இருபத்துமூன்றாம் அத்தியாயத்தைத்தான் நினைவிலிருந்து சொன்னேன். நடுக்கடலில் வேலனுக்குக் காய்ச்சல். கண்கள் மஞ்சளாகிவிட்டன. தையல்நாயகி தோணியை நாகப்பட்டினம் பக்கம் திருப்பி, அங்கே ஒரு வைத்தியர் வீட்டில் அவனை விட்டுவிட்டுப் போகிறாள். 'கரையில் நின்ற வேலன் தலைத்துண்டை அவிழ்த்து உயர்த்திக் காட்டினான். துண்டு தெரிந்தவரை அவள் சுக்கானைத் தொடவில்லை.' எழுபத்திரண்டிலிருந்து இந்த இரண்டு வரி என்னோடு இருக்கிறது. அதற்குப் பிறகு கதை முடிகிறவரை வேலன் திரும்பி வரவே மாட்டான். அவள் மட்டும் அவன் உட்காரும் பலகையைப் பார்த்துப் பார்த்து அழுவாள். திருப்பிக் கொண்டுவராமல் விட்ட அந்தத் துணிச்சல்தான் கலை என்று இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறேன்.

உனக்கு ஒன்று ஞாபகம் இருக்கிறதா? அந்த வாரம் உனக்குத் தொண்டை கட்டிவிட்டது. "எனக்குக் கொரலு வரல, நீயே படிடா" என்று தாள்களை என் கையில் கொடுத்தாய். அதுவரை பள்ளிப் பாடம் தவிர எதையும் நானாகப் படித்ததில்லை அக்கா. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி நானே படித்தேன். படித்து முடித்ததும் மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். நான் படிக்கிறவன் ஆனது அந்த நாலு தாளில்தான்.

புத்தகத்தைச் சீக்கிரம் அனுப்பு.

சார்லஸ்


மஞ்சக்குப்பம்
20-8-2010

அன்புத் தம்பிக்கு,

இங்கே நலம். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம். அதனால்தான் பதில் தாமதம். சுண்ணாம்பு என் தலையில், பிரஷ் உன் மாமா கையில். "ஆள வச்சா செவுத்துல அடிப்பான், நீங்க எம்மேலயே அடிக்கிறீங்க" என்றால் சிரிக்கிறார். ஊறுகாய் ஜாடி வந்து சேர்ந்ததா? உப்பு தூக்கலாக இருந்தால் அது அவர் கைவரிசை.

சிந்துஜா விஷயம் சந்தோஷம். மாதா கோவிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

அந்தப் புத்தகத்தைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். உள்ளே இருப்பதையெல்லாம் அப்படியே அச்சுப் போட்டுத்தான் ஆக வேண்டுமா? நடுவில் ஒரு வாரம் கிடைக்கவில்லை என்று போட்டால் என்ன? அந்தக் கையெழுத்துத் தாள் பதினைந்து வயதுப் பெண் அவசரத்தில் எழுதியது. எதை விட்டேனோ, எதைச் சேர்த்தேனோ. அதை நம்பி, செத்துப்போன ஒரு பெரிய மனிதர் பெயரில் போடலாமா? படித்தவன் நீ, யோசித்துச் செய்.

மாலதிக்கு என் அன்பு.

ராணி


சிதம்பரம்
1-9-2010

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஊறுகாய் வந்தது.

நீ எழுதியது எனக்குப் புரியவில்லை. அந்த அத்தியாயத்தை விட்டுவிட்டுப் 'பாய்மரக்காரி'யைப் போடுவதா? அது இல்லாவிட்டால் எனக்கு இந்தக் கதையே வேண்டாம். முன்னுரையின் முதல் வரியே அதைப் பற்றித்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். வெள்ளையடிக்கிறேன் என்று பரணைக் காலி செய்தபோது பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டாயா? அதைச் சொல்ல முடியாமல்தான் மூன்று மாதமாக மாங்காயும் சுண்ணாம்புமாகக் கதை சொல்கிறாயா? உன்னைக் குற்றம் சொல்லவில்லை. நீ பத்தாவதோடு நின்றவள். தையல் மெஷின், குடும்பம் என்று போய்விட்டாய். உனக்கு அது ஒரு பழைய புத்தகம். எனக்கு அது என்ன என்று உனக்குப் புரியாது.

இருக்கிறது, இல்லை என்று ஒரே வரி எழுதினால் போதும்.

சார்லஸ்


மஞ்சக்குப்பம்
9-9-2010

தம்பிக்கு,

நேற்று மாதா பிறந்தநாள். பூசைக்குப் போய்விட்டு வந்து புத்தகத்தைத் துணியில் சுற்றினேன். இந்தக் கடிதத்தோடு உன் மாமா கொண்டுவருகிறார். அவரை வெறும் வயிற்றோடு அனுப்பாதே. சர்க்கரை இல்லாத காபி கொடு.

அது பரணில் இல்லை. என் பீரோவில், கல்யாணப் புடவைக்கு அடியில் இருந்தது. முப்பத்தெட்டு வருடமாகப் பூச்சி அரிக்காமல் வேப்பிலை மாற்றி மாற்றி வைத்திருக்கிறேன்.

எனக்குப் புரியாதுதான்.

ராணி


சிதம்பரம்
20-11-2010

அன்புள்ள அக்காவுக்கு,

உன் காலில் விழ வேண்டும். செப்டம்பரில் நான் எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. இரண்டு மாதமாக எழுதாததற்கு வெட்கம்தான் காரணம். மாமா அன்று புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, "மச்சான், கடலூர்லேர்ந்து மடியிலயே வச்சிக்கினு வந்தேன். கொழந்தைக்கு டிக்கெட்டு எடுக்கலியான்னு கண்டக்டரு கேக்கறாரு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துணியைப் பிரித்தால் வேப்பிலை வாசம். அட்டையில் அப்பா கையெழுத்து.

சிந்துஜா முழுவதையும் கம்ப்யூட்டரில் அடித்து முடித்துவிட்டாள். இருபத்துநாலாம் அத்தியாயத்தில் மைக்கறைக்கு அடியில் இருக்கும் ஒரு வரி மட்டும் தெரியவில்லை.

இப்போது பெரிய செய்தி. கெடிலநேசனின் மகள் லோகநாயகி அம்மாள் மேல்பட்டாம்பாக்கத்தில் இருப்பதாகத் தெரிந்து, அனுமதி வாங்கப் போனேன். எழுபது வயது இருக்கும். அவர் அப்பா வெட்டி வைத்த தாள்களைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். பூச்சி தின்றதுபோகப் பதினேழு வாரம் மிச்சம். இருபத்துநாலு இல்லை. இருபத்துமூன்று இருந்தது. படித்தேன் அக்கா. அதில் வேலன் செத்துப்போகிறான். நடுக்கடலில், தையல்நாயகியின் மடியில். அவனைப் பாய்த்துணியில் சுற்றி அவளே கடலில் இறக்குகிறாள். நாகப்பட்டினமும் இல்லை, வைத்தியரும் இல்லை, தலைத்துண்டும் இல்லை.

ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. பிறகு விடை கிடைத்தது. அந்தக் காலத்தில் சென்னைக்கு ஒரு பதிப்பும் வெளியூருக்கு ஒரு பதிப்புமாகச் சில இதழ்கள் அச்சிட்டதுண்டு. முதலில் தம்பியைச் சாகடித்த கெடிலநேசன், மனசு கேட்காமல் அடுத்த பதிப்பில் மாற்றி எழுதியிருக்கிறார். நீ லைப்ரரியில் பார்த்தது அந்தப் பதிப்பு! ஒரே அத்தியாயத்துக்கு இரண்டு பாடம். ஜனவரி 23, ஞாயிற்றுக்கிழமை, இங்கே வெளியீட்டு விழா. பல்கலைக்கழகங்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அந்த மேடையில் இதை அறிவிக்கப் போகிறேன். கட்டுரை தயார். புத்தகத்திலும் உன் பிரதியில் இருப்பதுதான் வரும்.

ஒரே ஒரு விவரம் வேண்டும். எந்த லைப்ரரி, இதழில் என்ன தேதி போட்டிருந்தது? நினைவிருப்பதை உடனே எழுது.

தம்பி,
சார்லஸ்


மஞ்சக்குப்பம்
28-12-2010

என் அன்புத் தம்பிக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்து உனக்கும் மாலதிக்கும் குழந்தைக்கும். நீ எழுதி ஐந்து வாரம் ஆகிறது. எடுத்த பேனாவைப் பத்து முறை கீழே வைத்துவிட்டேன். பண்டிகை முடியட்டும் என்று இருந்தேன். இனி வைக்க முடியாது. நீ மேடை ஏறுவதற்குள் இது உன் கையில் இருக்க வேண்டும்.

லைப்ரரி எதுவும் இல்லை சார்லஸ். அந்த அத்தியாயத்தை நான்தான் எழுதினேன்.

அந்த வெள்ளிக்கிழமை இதழ் வந்தது. கிழியவும் இல்லை, நனையவும் இல்லை. அப்பா வழியிலேயே படித்துவிட்டார் போலிருக்கிறது. சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் வாசலிலேயே நின்று என்னைக் கூப்பிட்டார். "இந்த வாரம் அவனுக்குப் படிக்காத. வேற எதுனா சொல்லிடு" என்றார். நான் சமையல்கட்டில் நின்று படித்தேன். கண் மஞ்சளான பையன், காய்ச்சல், தண்ணீர் கேட்கிறான், செத்துப்போகிறான். உள்ளே கட்டிலில் நீ, "அக்கா, பொஸ்தகம் வந்துடுச்சா? வேலனுக்கு என்னாச்சி?" என்று கத்துகிறாய். அன்று காலையில்தான் டாக்டர் அப்பாவிடம், இனி நம் கையில் இல்லை என்று சொல்லியிருந்தார். உன் நகம்கூட மஞ்சளாக இருந்தது. நான் எப்படிப் படிப்பேன்?

அந்தப் பக்கங்களைக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டேன். வக்கீல் வீட்டில் கிழித்துவிட்டார்கள், நாளைக்கு லைப்ரரியில் பார்த்து எழுதி வருகிறேன் என்று உன்னிடம் சொன்னேன். அப்பா கோர்ட்டிலிருந்து நாலு வெள்ளைத்தாள் கொண்டுவந்து கொடுத்தார். வேலனைப் பிழைக்க வைக்க வேண்டும், ஆனால் அடுத்த வாரமே கெடிலநேசன் என்னைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது. அதனால் கரையில் இறக்கினேன். அவள் பிறகு அழுதால் பிரிந்ததற்கு அழுகிறாள் என்று நீ நினைத்துக்கொள்வாய் அல்லவா? வாசித்துக் காட்ட முடியாமல் போனது தொண்டைக் கட்டால் இல்லை.

இருபத்துநாலாம் வாரத்தில் ஒரு வரி மட்டும் தப்பித்து வந்துவிட்டது. மையைக் கொட்டியதும் நான்தான், பழி உன்மேல். அடியில் இருப்பது இதுதான், சிந்துஜாவிடம் சொல்: 'மாண்டுபோன தம்பியின் சட்டையை அவள் பாய்மரத்தில் கட்டினாள்.' மற்றவை மறந்தாலும் இது மறக்கவில்லை.

நீ குணமானதும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். குணமானாய். அதற்குள் அதை இருபது தடவை படித்துவிட்டாய். பிறகு நீ தமிழ் எடுத்துப் படிக்கப் போனபோது, அந்த நாலு தாள்தான் காரணம் என்று அப்பாவிடம் சொன்னாய். அஸ்திவாரத்தில் கை வைக்க யாருக்கு மனசு வரும்? அப்பாவும் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜூனில் உன் கடிதம் வந்ததும் இரண்டு நாள், பேசாமல் இருந்துவிடலாம் என்று எனக்கு ஆசை வந்தது. என் எழுத்து அச்சில் வரும், யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியுமே என்று. பத்தாவதோடு நின்றவளுக்கும் அந்த ஆசை இருக்கும் சார்லஸ். அதனால்தான் பரணைத் தேடிக்கொண்டிருந்தேன். இதைப் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. சொன்னால் இதற்கு எத்தனை ஜெபமாலை என்று சாமியாருக்கே தெரியாது.

நாலு பேர் நடுவில் நீ இரண்டு பாடம் என்று சொல்லி, நாளைக்கு எவனாவது சிரிக்கக் கூடாது. அந்தத் தாள்களை எடுத்துவிடு. அவருடையதைப் போடு.

என்மேல் கோபம் இருந்தால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

அக்கா,
ஆரோக்கிய ராணி


சிதம்பரம்
10-1-2011

அன்புள்ள அண்ணிக்கு,

மாலதி எழுதுகிறேன். நீங்களும் அண்ணாவும் சுகமா? புத்தாண்டு வாழ்த்துச் சொல்லப் போன் செய்தேன். அண்ணாதான் எடுத்தார். உங்களுக்குக் கொடுக்கச் சொன்னதற்கு, "அது தபால்காரரு வர்ற பக்கமே பாத்துக்கினு ஒக்காந்திருக்குதும்மா" என்றார். மனசு கேட்கவில்லை, அதனால்தான் இவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்தது. என்ன விஷயம் என்று இவர் எங்களிடம் சொல்லவில்லை. நின்றபடியே படித்தார், சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சட்டை மாற்றும்போது அதையும் மாற்றி வைத்துக்கொள்கிறார். எழுதி வைத்திருந்த கட்டுரையைக் கிழித்துவிட்டார். சிந்துஜாவைக் கூப்பிட்டு ஏதோ ஒரு அத்தியாயத்தை எடுத்துவிட்டு வேறு அடிக்கச் சொன்னார். "எதுக்குப்பா, இதுதான நல்லாருக்கு?" என்றதற்கு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

கோபம் மாதிரி எனக்குத் தெரியவில்லை அண்ணி. கோபம் வந்தால் சத்தம் போடுகிற மனுஷர். இப்போது சத்தமே இல்லை. நீங்கள் சாப்பிடாமல் இருந்துவிடாதீர்கள். பொங்கலுக்குச் சிந்துஜாவிடம் கரும்பு கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள்,
மாலதி


சிதம்பரம்
6-2-2011

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் சுகம்தானே? காக்க வைத்துவிட்டேன். எழுதாமல் இருக்காதே என்று நீ கேட்டும், எழுதாமல்தான் இருந்தேன்.

முதலில் கோபம்தான் வந்தது. பொய் சொல்ல மாட்டேன். முப்பத்தெட்டு வருடம் இல்லாத ஒன்றைக் கொண்டாடியிருக்கிறேன். வேலனைத் திருப்பிக் கொண்டுவராதது கெடிலநேசனின் துணிச்சல் என்று எத்தனை பிள்ளைகளுக்கு மார்க் போட்டிருக்கிறேன் தெரியுமா? வேறு வழியில்லாமல் ஒரு பெண் அவனைக் கரையிலேயே விட்டாள் என்று இப்போதுதானே தெரிகிறது!

விழா நன்றாக நடந்தது. லோகநாயகி அம்மாளும் வந்திருந்தார். புத்தகத்தில் அவர் அப்பா எழுதியதுதான் இருக்கிறது, மைக்கறைக்கு அடியில் இருந்த வரியும் சேர்த்து. மேடையில், "இந்த நாவலின் இருபத்துமூன்றாம் அத்தியாயத்தை நான் போன வருடம்தான் முதன்முதலாகப் படித்தேன்" என்றேன். வேடிக்கை பேசுகிறேன் என்று சபையில் சிரித்தார்கள். உன் நாலு தாளைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. கௌரவம் பார்த்து அல்ல. பின்னிணைப்பாகப் போடலாமா என்றுகூட யோசித்தேன், மனசு வரவில்லை. அது எனக்கு மட்டும் எழுதியது. பைண்டிங் பிரிக்காமல் புத்தகம் என் மேஜையில் அப்படியே இருக்கிறது. நீ கேட்டாலும் தர மாட்டேன்.

அச்சாகி வந்த பிறகு அந்த அத்தியாயத்தைத் தனியாக உட்கார்ந்து படித்தேன் அக்கா. பிரமாதமான எழுத்து, உன்னுடையதைவிட நூறு மடங்கு. பத்து வயதில் அதைப் படித்திருந்தால் பிறகு எந்தப் புத்தகத்தையும் தொட்டிருக்க மாட்டேன். அதையும் நினைத்துக்கொண்டேன்.

நான் அவ்வளவு மோசமாகவா இருந்தேன்? என்னிடம் யாருமே சொல்லவில்லையே. கீழாநெல்லியும் மோரும் நினைவிருக்கிறது, நீ சிரித்த முகமாக இருந்தது நினைவிருக்கிறது. அவ்வளவுதான்.

பத்தாவதோடு நின்றவள் என்று எழுதினேனே, அதற்கு மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

ஒன்று கேட்க விட்டுப்போயிற்று. கெடிலநேசனுக்கு நான் எழுதிய கார்டை நீ போட்டாயா, இல்லையா?

உன் தம்பி,
சார்லஸ்


மஞ்சக்குப்பம்
20-2-2011

செல்வன் ஆ. சார்லஸ் அவர்களுக்கு,

தாங்கள் 3-11-1972 அன்று எழுதிய கார்டு உரியவர் கைக்கு அன்றே கிடைத்தது. இத்துடன் இணைத்திருக்கிறேன். தபால் முத்திரை இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். அந்த வாரத்தை எழுதியவருக்குப் போக வேண்டிய கார்டு, அவரிடமே இருக்கும்போது எந்தப் பெட்டியில் போடுவது? அதனால் வைத்துக்கொண்டேன். எனக்கு வந்த ஒரே வாசகர் கடிதம் அதுதான். பீரோவில் புத்தகத்துக்கு அடியில் இருந்தது. புத்தகத்தை அனுப்பியபோதும் அதை மட்டும் அனுப்ப மனசு வரவில்லை. பதில் எழுத முப்பத்தெட்டு வருடம் ஆனதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வேலை ஜாஸ்தி.

'ஐயா, நீங்கள் எழுதிய 23ம் வாரம் ரொம்ப ரொம்ப நன்றாக இருந்தது. நானே படித்தேன். எனக்கும் வேலன் மாதிரி உடம்பு சரியில்லை. ஆனால் எனக்கு ஒரு அக்கா இருக்கிறது. வேலன் எப்போது திரும்பி வருவான் என்று எழுதவும்' என்று கேட்டிருந்தீர்கள். பாராட்டுக்கு நன்றி. கெடிலநேசன் நூறு மடங்கு நன்றாக எழுதுவார் என்பது எனக்கு அப்போதே தெரியும்.

வேலன் மிகவும் மோசமாகத்தான் இருந்தான். டிசம்பர் மாதம் ஒரு நாள் அவனுக்குக் கடைசிப் பூசுதல் கொடுக்கச் சாமியாரைக்கூட அழைத்து வந்துவிட்டார்கள். மறுநாள் காலையில் அவன் அக்கா வாசல் பெருக்கிக்கொண்டிருந்தபோது, பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். அவள் திரும்பிப் பார்த்தாள். "அக்கா, பசிக்குது" என்றான்.

இதை எழுதக் கதையில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஆரோக்கிய ராணி